அம்மனுக்குப் போன ஸ்பீக்கர்

“கோவிச்சுக்காத மனே. கதவு திறக்கிற நேரம். அம்மனுக்குப் பிந்தினா ஊர் என்னைச் சும்மா விடாது.”

சொல்லிக்கொண்டே, ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற இளையதம்பி வயரைக் கழற்றினார். வருடத்தில் ஒரு தடவை சடங்குக்காகத் திறக்கிற கண்ணகி அம்மன் கோயில். ரதீஸால் மறுத்துப் பேச முடியவில்லை. அவன் எடுத்த முதல் படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. கல்லடி மண்டபத்துத் திரையில் பாடகனின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

“பாட்டுக்காரர்ர படத்தப் பாட்டில்லாம ஓட்டுறியா? நிப்பாட்டு மச்சான்!” என்றான் சுதாகரன். படத்துக்கு இசை அமைத்தவன்.

“வேற ஸ்பீக்கர் எடுக்கேலாதா?”

“எல்லாம் சடங்குக்குப் போயிட்டு,” என்றான் ரதீஸ்.

“தம்பி, நாங்க குரல் குடுக்கட்டா?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது. “வாங்க, நாங்களும் அம்மனிட்டயே போவம்,” என்றார் இன்னொருவர். கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

கட்டாரில் மாமா வேலை பார்த்து வைத்திருந்தார். இன்றைக்கு ஒருவர் மனசையாவது படம் தொட்டால் ஊரில் இருப்பது, இல்லாவிட்டால் விமானம் ஏறுவது என்று ரதீஸ் முடிவு செய்திருந்தான்.

நிறுத்திவிடலாம் என்று மடிக்கணினிக்குக் கையைக் கொண்டுபோனவன் அப்போதுதான் கண்டான். இரண்டாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். போகிறவர்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கையை எடுத்துக்கொண்டான். அவனும் பார்க்கத் தொடங்கினான்.

கல்யாண வீடுகளில் வாசிக்கிற ஒரு சின்ன இசைக்குழுவின் கதை. தொண்டை கெட்டுப்போன பாடகனையும் விடாமல் மேடைக்குக் கூட்டிப்போகிறார்கள். இன்னொருவன் பாட, அவன் ஓரத்தில் நின்று உதட்டை அசைக்கிறான். கீபோர்ட்காரன் பாடுகிறவனைப் பார்க்கவில்லை. அந்த உதட்டைப் பார்த்தே வாசிக்கிறான். அந்தப் பார்வை இத்தனை நாளும் பாட்டுக்குள் ஒளிந்திருந்தது. ரதீஸே அதை இப்போதுதான் கண்டான்.

படம் முடிந்தது. விளக்குகள் எரிந்தன.

“ஒராள்தான் மிச்சம்,” என்றான் ரதீஸ்.

“அதுவும் உன்னைப் பார்த்துப் பாவப்பட்டு இருந்திருப்பா. என்ட இசை இருந்திருந்தா மண்டபமே அழுதிருக்கும். வேணுமெண்டா போய்க் கேளு.”

“பாவப்பட்டுத்தான் எண்டா?”

“கட்டாருக்குப் போ.”

ரதீஸ் மெல்ல அவளிடம் போனான். “மன்னிக்கோணும் அக்கா. நடுவில ஸ்பீக்கரக் கழட்டிட்டாங்க. பாட்டொண்டும் கேக்கல்ல. இன்னொரு நாளைக்குச் சத்தத்தோட போடுறம், கட்டாயம் வாங்க.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தான். பின்னால் சுதாகரன் பெருமூச்சு விட்டான்.

வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓர் இளம்பெண் ஹெல்மெட்டோடு ஓடி வந்தாள். “படம் முடிஞ்சிட்டா? பிந்திட்டன்!”

பச்சைச் சேலைக்காரியின் இரண்டு கைகளும் அவளைப் பார்த்து வேகமாக அசைந்தன. கவனமாகப் பார்த்துவிட்டு அந்த இளம்பெண் ரதீஸின் பக்கம் திரும்பினாள்.

“எங்கட அக்காக்குப் பிறந்ததில இருந்தே காது கேக்காது அண்ணன். இப்பிடி ஒரு படத்த விட்டுட்டுச் சனமெல்லாம் ஏன் எழும்பிப் போனதெண்டு கேக்கிறா.”