மக்குக்கு ஒரு டியூஷன்

"மறுபடியும் தப்பு! உன் மண்டையில என்னடி இருக்கு, களிமண்ணா?"

நர்ஸம்மா பென்சிலைப் பிடுங்கினாள். ஏழாம் வகுப்பு மகள் தலையைச் சொறிந்தாள்.

"குழந்தை பன்னிரண்டு கிலோ. கிலோவுக்குப் பதினஞ்சு மில்லிகிராம்னா மொத்தம் நூத்தியெண்பது வேணும். பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு நூத்தியிருபதுதான் இருக்கு. வேணுங்கிறது மேல, இருக்கிறது கீழ. அதை அஞ்சால பெருக்கணும். நீ தலைகீழா போட்டிருக்க."

"தலைகீழா போட்டா என்னம்மா?"

நர்ஸம்மா அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"அஞ்சு மில்லியில இருக்கிறது பத்தல. அப்போ அஞ்சுக்கு மேலதானே வரணும்? ஏழரை! உனக்கு மூணு சொச்சம் வந்திருக்கு. காய்ச்சல் எப்படிக் குறையும்?"

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கே பளிச்சென்று விளங்கியது.

"திங்கட்கிழமை உனக்கே பரீட்சை. படிக்கிறதை விட்டுட்டு இந்த மக்குக்கு டியூஷனா?" என்றார் கணவர்.

"அம்மா வேலையில வர்ற கணக்கைப் போட்டுட்டு வரச் சொன்னாங்களாம் ஸ்கூல்ல. பெத்துத் தொலைச்சுட்டேனே, என்ன செய்ய?"

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாக வைத்த மருந்துக் கணக்குப் பரீட்சையில் போன மாதமே அவள் கோட்டை விட்டிருந்தாள். டாக்டர் எழுதிய மில்லியை ஊற்றியே பழகிய கை. திங்கட்கிழமையும் தவறவிட்டால் குழந்தைகள் வார்டை விட்டு மாற்றிவிடுவார்கள். பத்து வருஷமாக அந்த வார்டுதான் அவளுக்கு உயிர். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, விடைத்தாளை பீரோவில் துணிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

மகள் விடுவதாக இல்லை. மறுநாள் எடையால் பெருக்க மறந்தாள். அதற்கடுத்த நாள், மூன்று வேளைக்குப் பிரிக்க வேண்டிய மருந்தை ஒரே வேளைக்குக் கணக்குப் போட்டாள்.

"பச்சப்புள்ளைய கொன்னுடுவ போலிருக்கே!"

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை பரீட்சையில் பத்துக்குப் பத்து! ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவள் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"உனக்குத்தான்டி நன்றி சொல்லணும். நீ மக்கா இருந்ததாலதான் நான் பாஸானேன்!"

"ஏதோ, என்னால முடிஞ்சதும்மா" என்று சிரித்துவிட்டு மகள் விளையாட ஓடிவிட்டாள்.

இனி எதற்கு என்று, பழைய விடைத்தாளைக் கிழித்துப் போட எடுத்தாள் நர்ஸம்மா.

முதல் கணக்கு, தலைகீழாகப் போட்டது. அடுத்தது, எடையை மறந்தது. மூன்றாவது, வேளைக்குப் பிரிக்காதது. எல்லாம் அவளே செய்த தப்புகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பென்சிலில், மகளின் குண்டுக் கையெழுத்தில் சரியான விடை.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'அம்மாவுக்குப் புரியற வரைக்கும் எனக்குப் புரியக் கூடாது.'