நிறுத்து, டக், நாலு

"அண்ணே, அங்க நிறுத்தணும்ணே" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், ஏழாவது முறையாக.

டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த புது ஆள் தலையாட்டினார். ஆறு முறையும் அப்படித்தான் ஆட்டியிருந்தார்.

டயர் கடைக்கு மேலே உள்ள அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள். ஞாயிறு மதியம். மைக்கில் காற்றுச் சத்தம் விழுகிறதென்று மின்விசிறியையும் அணைத்திருந்தார்கள்.

வருகிற சனிக்கிழமை பூங்கா மேடையில் 'இடிதாங்கி' இசைக்குழுவுக்கு இருபது நிமிடம் கிடைத்திருக்கிறது. இந்த ஆளும் சரிப்படாவிட்டால் குழுவை இழுத்து மூடிவிடுவது என்று, காலையில் பல் தேய்க்கும்போதே கண்ணாடிக்கடைக்காரர் முடிவெடுத்திருந்தார்.

அவருக்கு அலுத்துவிட்டது.

ஒன்பது வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறார். இப்போதிருக்கும் ஆட்களில் அவர்தான் பழையவர். அவர் சேர்ந்தபோது இருந்த யாரும் இன்று இல்லை. அவர்கள் சேர்ந்தபோது இருந்தவர்களை அவர் பார்த்ததே இல்லை.

கீபோர்டுக்காரர் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போனார். பாடகர் ஒருவர் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று விலகி, இப்போது ஏலக்கடையில் நாள் முழுக்கக் கத்துகிறார். கிட்டார்காரர்கள் இருவர் ஒரே பெண்ணால் ஒரே வாரத்தில் போனார்கள். அந்தப் பெண் இருவரையுமே கட்டிக்கொள்ளவில்லை.

டிரம்மர்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அலமாரிக் கதவின் உட்புறம், குழுவில் வந்து போனவர்களின் பெயர்களை எழுதி எழுதி அடித்திருந்தார்கள். உச்சியில் இருந்த முதல் சில பெயர்கள், டயர் கடைக்காரர் பெயிண்ட் பூசியபோது மறைந்துவிட்டன.

மிச்சம் ஒரே ஒரு பாட்டு. இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் முதல் குழு கேசட்டில் பதிவு செய்தது. அதற்காகத்தான் இன்னும் யாராவது கூப்பிடுகிறார்கள்.

அதில் மூன்றாவது சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் சட்டென்று நின்றுவிடும். கூடவே எல்லாம் நிற்கும். 'டக்' என்று ஒரு சத்தம். நாலு எண்ணும் நேரம் மௌனம். பிறகு மொத்தமும் சேர்ந்து விழும். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

வந்த டிரம்மர்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். குச்சி நுனியால் டிரம் விளிம்பில் ஒரு தட்டு, பிறகு நாலு. சுவரில் ஒட்டிய தாளில் 'நிறுத்து. டக். 4' என்று எழுதியிருந்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் வட்டம் போட்டுப் போட்டு, அந்த 4 தாளில் பள்ளமாகவே விழுந்துவிட்டது.

புது ஆள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர், கடைச் சுவரில் இருந்த 'டிரம்மர் தேவை' அறிவிப்பை அந்தக் கண்ணாடியிலேயே படித்துவிட்டு, "கொஞ்ச நாள் வாசிச்சிருக்கேன்" என்றார்.

தாளம் சுத்தமாகத்தான் இருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறார்.

"ஸ்டாப்புல கை காட்டினா நிக்காம போயே பழகிட்டாரு போல, அத்தான்" என்றாள் குழுவில் பாடும், கண்ணாடிக்கடைக்காரரின் மச்சினி. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் மைக் திறந்திருந்தது. கிட்டார் வைத்திருந்த எலக்ட்ரீசியன் குனிந்து ஒயரைச் சரிசெய்வதுபோல் சிரித்தார்.

டிரைவரும் சிரித்தார். "நிக்காம போனாத்தான் தம்பி அந்தப் பாட்டு சரி."

கண்ணாடிக்கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"எத்தனை பேரு கைமாத்திக் கைமாத்திக் காப்பாத்தின இடம் தெரியுமாண்ணே அது? அதை யோசிச்சவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்திருப்பான்! நீங்க முந்தாநேத்து வந்துட்டு சரியில்லைங்கிறீங்க. முடியும்னா வாசிங்க. இல்லேன்னா விடுங்க, இன்னையோட எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம்."

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள்.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி. முதல்லேருந்து."

முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு முன்னால் டிரம்ஸ் நின்றது.

டக்.

கண்ணாடிக்கடைக்காரரின் முதுகு சிலிர்த்தது. கேசட்டில் இருக்கும் அதே சத்தம். ஒன்பது வருடத்தில் எந்த விளிம்பிலும் எந்த டிரம்மரும் கொண்டுவராத சத்தம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூவரும் சேர்ந்து பாட்டில் விழுந்தார்கள்.

டிரம்ஸ் வரவில்லை.

பாட்டு தடுமாறி நின்றது. திரும்பிப் பார்த்தால் ஸ்டூலில் ஆளையே காணோம். டிரைவர் டிரம்முக்குக் கீழே மடங்கிக் கிடந்தார். அவருடைய வலது கை தரையைத் துழாவிக்கொண்டிருந்தது.

குச்சியோடு நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அன்னைக்குக் கை வேர்த்து குச்சி நழுவிடுச்சு தம்பி. கேசட்டு ஓடிட்டு இருந்துச்சு, திரும்பப் பதிவு பண்ண நேரமில்ல" என்றார். இடுப்பில் கை வைத்து ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்ப குனிஞ்சு நாலு எண்றதுக்குள்ள எடுத்துட்டேன். இப்ப ஆறா வச்சுக்கலாமா?"