நிமிர்ந்திருந்த அப்பா

காப்பியை ஆற்றி அப்பாவின் கையில் கொடுத்தபடியே சந்தனச்செல்வி சொன்னாள்.

“இன்னைக்கு ஃபைனல்ப்பா. போன மேட்ச்ல நான் அவுட்டானப்பல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டீய. எதிர் டீம்காரி உங்களக் காட்டிச் சிரிக்கா. பாடி லாங்குவேஜ்தான் பாதி கபடின்னு கோச் சொல்லுதாரு. நிமிர்ந்து இருக்க முடியாதுன்னா வராதீய.”

“பனை மாதிரி இருக்கேன் தாயி, பாரு” என்றார் மளிகைக்கடை வீரபாகு.

சொன்னபடியே, தூத்துக்குடி மைதானத்தின் கேலரியில் இரும்புத் தூணோடு சாய்ந்து கடைசிவரை நிமிர்ந்திருந்தார். அவள் அவுட்டானபோதும் தலை தாழவில்லை. அவரைப் பார்த்துப் பார்த்தே ஆடி ஜெயித்தாள்.

கோப்பையோடு ஓடினாள். “எந்திரிங்கப்பா, போட்டோ எடுப்போம்!”

“முதல்ல முடிச்ச அவுத்து விடு தாயி.”

புரியாமல், அவர் மார்பில் விரித்துப் போட்டிருந்த துண்டை விலக்கினாள். பழைய வேட்டியைக் கிழித்துத் தன்னைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவிழ்த்ததும் அவள் மேலேயே சரிந்தார்.

முதுகெலும்பெல்லாம் புற்றுநோய் பரவி மாதக்கணக்காகிறது, இந்த உடம்போடு உட்கார்ந்ததே பெரிது என்றார் டாக்டர். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

சந்தனச்செல்வி இப்போதும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறாள். அந்தத் தூண் இருக்கும் பக்கம் மட்டும் இன்றுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.