தலையை அசைக்காமல்

"தெரியுதா அத்தான்?" என்று கேட்ட ரெக்சனின் கண்களை அந்தக் கறுப்புக் கருவி முழுவதுமாக மூடியிருந்தது.

நாற்காலியில் அமர்ந்திருந்த ரோச் எதிரே இருந்த டிவியைப் பார்த்தார். ரெக்சன் தலையைத் திருப்பியபோதெல்லாம் திரையிலிருந்த கடலும் சடக்கென்று திரும்பிற்று.

அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் மதிய உணவும் முடிந்தபின், திரேஸ்புரத்து அந்த வீட்டில் மைத்துனர் இருவரும் சேர்ந்து கடலுக்குள் இறங்குவது எட்டு ஆண்டுகளாக நடந்து வருகிறது. மெய்யான கடல் அன்று, டிவியில் ஆடும் வீடியோ விளையாட்டுக் கடல்.

ரோச்சின் மனைவி இசபெல்லாவின் தம்பி ரெக்சன். துறைமுகத்துச் சரக்கு ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பொத்தான்களை அழுத்துவது அவன் பொறுப்பு. எங்கே இறங்குவது, எந்தப் பாறையைச் சுற்றிச் செல்வது என்று சொல்லுவது ரோச்சின் பொறுப்பு.

சங்கு குளித்தவர் அவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் கடலடியிலிருந்து மேலே வந்தவர், அதன்பின் நேராக நடந்ததில்லை. உட்செவி கெட்டுவிட்டது. படகில் கால் வைத்தாலும் பேருந்து சற்றே வளைந்தாலும் தலை சுற்றி வாந்தியெடுப்பார். அவருக்கென்று எஞ்சிய கடல், வாரத்தில் இந்த இரண்டு மணி நேரந்தான்.

விளையாட்டின் முதலிரண்டு பாகங்களின் ஒவ்வொரு பள்ளமும் இருவருக்கும் அத்துப்படி. மூன்றாம் பாகத்துக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

வந்தது. ஆனால், தலையில் மாட்டும் விஆர் கருவிக்கு மட்டுமே வந்தது.

"பெரிய கேமெல்லாம் இனிமே இதுலதானாம் அத்தான். கடலுக்குள்ளேயே நிக்க மாதிரி இருக்குமாம்," என்று கருவியை வாங்கி வந்த ரெக்சன், அதை முதலில் ரோச்சின் தலையில்தான் மாட்டினான்.

அரை நிமிடம் சென்றிருக்கும். முகத்துக்கு நேரே வந்த மீன்கூட்டத்தைக் கண்டு ரோச் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த கணம் வாளியைத் தேடினார்.

"கடல்லயே பொறந்து வளந்த ஆளு, பெட்டிக் கடலுக்கா கக்கிட்டிய!"

"ஏலே, ஒருத்தன் மண்டைக்குள்ள கடலக் கொண்டுபோய்ப் பூட்டிட்டா, மத்தவன் எங்கன போய்க் குளிக்க?"

ரெக்சன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கருவிக்குள் தெரிவதை டிவியிலும் காட்டும் வசதி இருந்தது. அதைத்தான் இப்போது போட்டிருந்தான். ஆனால், ஆடுபவனின் தலை அசைவுக்கெல்லாம் அந்தப் படமும் அசைந்தது. பக்கத்து நாற்காலியிலும் ஒருவர் இருப்பார் என்று அதைச் செய்தவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"சரி, நான் தலைய ஆட்டாம விளையாடுதேன். நீங்க பாருங்க," என்றான் ரெக்சன்.

சவரக் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தவனைப் போல் விறைத்து அமர்ந்தான். இடப்புறத்தில் ஏதோ ஒரு பெரிய உயிர் நீந்திச் செல்லும் ஓசை கேட்டது. அதைக் காண்பதற்காகவே அவ்வளவு ஆசையோடு வாங்கியவன், திரும்பவில்லை.

தேநீர் கொண்டுவந்த இசபெல்லா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

டிவியில் பவளப்பாறைகள் நீலமும் சிவப்புமாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. ரெக்சன் மூச்சு விடும்போதெல்லாம் அவையும் மெல்ல மிதந்து ஆடின. ரோச்சின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

"அத்தான், இப்ப ஆடுதா?"

"கல்லு மாதிரி நிக்குலே. போ, போ."

இசபெல்லா வாய் திறந்தாள். காலடி ஓசையால் அவள் வந்ததை அறிந்திருந்த ரோச், கண்ணைத் திறக்காமலே உதட்டின்மேல் விரல் வைத்தார்.

அவர் கண்ணை மூடியிருப்பதைச் சொன்னால் தம்பி உடனே நிறுத்திவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். நிறுத்திவிட்டு, பாளையங்கோட்டையில் நல்ல காது மருத்துவர் இருக்கிறார், நானும் கூட வருகிறேன் என்று பழையபடி தொடங்குவான். போனால், முதல் மருத்துவர் சொன்னதையே அந்த மருத்துவரும் சொல்லுவார். அதை அவன் முன்னிலையில் சொல்லுவார்.

குளிப்பவருக்குக் குழாய் வழியே காற்று அனுப்பும் படகுக் கம்ப்ரசர் நின்றுபோனதால் வந்த கேடு என்றே ரெக்சன் இன்றுவரை நம்பியிருக்கிறான். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ரோச் அவனிடம் அப்படித்தான் சொன்னார்.

கம்ப்ரசர் திணறியது உண்மை. ஆயினும், அதன் காற்றுத் தொட்டியில் காற்று மிச்சம் இருந்தது. சற்றே பொறுத்து, அவரை நிறுத்தி நிறுத்தி மேலே ஏற்றியிருந்தால் காதுக்கு ஒன்றும் ஆகியிராது என்று முதல் மருத்துவர் ரோச்சிடமும் இசபெல்லாவிடமும் மட்டும் கூறினார்.

சங்கு குளிப்பவனை மேலே இழுக்கும் கயிற்றை அவன் மனைவியுடன் பிறந்தவனிடம் கொடுப்பதுதான் இக்கடற்கரையின் வழக்கம். தன் அக்காள் கைம்பெண்ணாக அவன் ஒருபோதும் விடமாட்டான் என்னும் நம்பிக்கை.

அன்று கயிற்றைப் பிடித்திருந்த பத்தொன்பது வயது ரெக்சனும் விடவில்லை. கம்ப்ரசர் திணறிய ஓசையைக் கேட்டுப் பதறி, அத்தானை ஒரே மூச்சில் மேலே இழுத்துவிட்டான்.

இசபெல்லா குவளைகளை ஓசையின்றிக் கீழே வைத்தாள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். இனி எப்படிச் சொல்லுவது?

"அத்தான், காத்து தீரப்போவுது. மேல வாரேன்."

ரோச்சின் கண்கள் மூடியே இருந்தன.

"மெதுவா வாலே," என்றார். "நான் இங்கனதான் இருக்கேன்."