மாறிப்போன இரத்தம்

இரத்தம் கட்டாமல் காக்கும் மாத்திரை, ஓடும் இரத்தத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொண்டிருந்தாள் பார்கவி.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, மாத்திரையும் சாப்பிடும் ஸ்ரீராம்புரம் கிருஷ்ணப்பாவின் இரத்தம் மெல்லிய குழாயில் கட்டிக்கொண்டு நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த, மாத்திரை தேவைப்படாத அவர் மனைவி காந்தாவின் இரத்தமோ தடையின்றி ஓடியது.

லேபிள் மாறியிருக்கும் என்று மறுபடி இரத்தம் எடுத்தாள். அதே முடிவுதான்.

"இப்படிக் கட்டினா ஆபத்து சார். மாத்திரையைத் தினமும் போடறீங்களா?"

"போடறேன் மேடம்."

"பொய்! ஜன்னல் வழியா வீசுவாரு," என்றாள் காந்தா. "அதான் நானே அதே மாத்திரையில இன்னொண்ணைக் கரைச்சு, தெரியாம இவரு காபியில கலந்துடறேன்."

"அப்புறம் ஏன் கட்டுது?"

கிருஷ்ணப்பா நெளிந்தார்.

"ஒரு காபியைத்தான் ரெண்டு டம்ளர்ல பை-டூ பண்ணுவா மேடம். நுரையெல்லாம் எனக்கே ஊத்திடுவா. பாவமா இருக்கும். இவ அடுப்பை அணைக்கப் போனதும் டம்ளரை மாத்தி வெச்சிடுவேன்."

பார்கவி சிரித்துவிட்டாள். காந்தா சிரிக்கவில்லை.

"இருக்கட்டும். நாளையிலருந்து என் டம்ளர்லயே கலக்கறேன்."