படகுக்கு ஏத்த மாசம்

நூல் கடையை மகனிடம் ஒப்படைத்த மறுநாளே, வெள்ளத்துரை காலண்டரோடு மனைவி சௌந்தரத்தின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பிச்சாவரத்துக் காட்டுக்குள்ள படகுல போகணும்னு கல்யாணமான புதுசுல இருந்து கேட்டியே. ஐப்பசியில போவமா?"

"அப்ப அடைமழைங்க. படகு விடமாட்டாக."

"அப்ப சித்திரை?"

"வெயில் தாங்காது. தை மாசந்தான் தோது. விடியக்காலையில போனா கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமா நிக்கும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்க. அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள்ள போகும். மரத்து வேரு தலையில இடிக்கும், குனிஞ்சுக்கிடணும்."

வெள்ளத்துரை சிரித்தார். "நேர்ல பாத்தவ மாதிரியில்ல சொல்ற!"

சௌந்தரம் காலண்டரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பாத்தேங்க. போன தையில, தங்கச்சி வீட்டு விசேஷம்னு சிதம்பரம் போனேன்ல? விசேஷம் ஒண்ணுமில்ல. நானும் அவளும் படகுலதான் போனோம்."

வெள்ளத்துரையின் முகம் வாடிப்போனது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"முப்பது வருசமா கூப்பிட்டேனே" என்றாள் அவள், மெதுவாக.