குடத்தில் ஒட்டிய சொல்

தண்ணீர்க் குடத்தில் ஒட்டியிருந்த கடதாசியைச் சபியா உம்மா வெடுக்கென்று பிய்த்தெடுத்தார். உப்புப் போத்தலிலும் ஒன்று இருந்தது.

“இதென்னடா அப்ராஸ், ‘இதனோ’, ‘அசியோ’ எண்டு?”

“தண்ணி, உப்பு. இந்தோனேசியாவில இருக்கிற நியாஸ் தீவுப் பாசை உம்மா. நீங்களும் பாடமாக்குங்க.”

“அங்க வேலைக்குப் போகப் போறாய், அப்பிடித்தானே? ஒலுவில்ல இருந்து கடலுக்குப் போய் மூணு மாசம் காணாமப் போனாய். அடக்க ஒரு மையித்துமில்லாம அழுதவள் நான். இனி உன்ன விடவே மாட்டன்!”

“நான் எங்கயும் போகல்ல. அங்கிருந்துதான் ஒருத்தர் வாறாங்க. போட் உடைஞ்சு, கரையில செத்தாப்போல கெடந்த எனக்குத் தண்ணி பருக்கின பொம்புள. நாளைக்கு வாறாங்க.”

“யா அல்லாஹ்!”

சபியா உம்மா கடதாசியைத் தடவித் தடவி மறுபடி குடத்திலேயே ஒட்டினார்.

மறுநாள் வாசலில் வந்து நின்ற பெண்ணிடம் செம்பை நீட்டினார்.

“இதனோ.”

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். சபியா உம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு, தீவில் பத்து நாள் காய்ச்சலில் அப்ராஸ் ஓயாமல் பிதற்றியதைக் கேட்டுக் கேட்டு, தான் கற்றிருந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.

“உம்மா.”